நாலு விரல் தள்ளிப் பிடி

நவம்பர் 18

காலையில் ஒரு காதுகுத்து. இரண்டு பாக்ஸ், ஒரு மைக். தாய்மாமன் மைக்கைக் குச்சி ஐஸ் மாதிரி வாயில் வைத்துக்கொண்டு பேசினான். சொன்னால் கேட்கிற ரகம் இல்லை. முப்பது வருஷமாக மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். இந்த ஊரில் மைக் பிடிக்கத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவரெல்லாம் ஊதுகிறவன், தட்டுகிறவன், கடிக்கிறவன். வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்தால் போதும். அதற்கு என்ன படிப்பு வேண்டிக்கிடக்கிறது?

மத்தியானம் தவமணி அண்ணன் கடைக்கு வந்தார். எங்கள் வார்டு கவுன்சிலர் ஜெயசுதா அம்மாவின் வீட்டுக்காரர். தேர்தலில் நின்றது அம்மா, ஜெயித்தது அம்மா, ஊர் கவுன்சிலர் என்று கூப்பிடுவது இவரை. மாநகராட்சியில் இந்த வருஷம் 'மக்கள் பட்ஜெட்' என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறார்களாம். வார்டு வார்டாகக் கூட்டம் போட வேண்டும். ஜனங்களே பேசி, தங்களுக்கு எந்த வேலை வேண்டும் என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். அதை அடுத்த பட்ஜெட்டில் சேர்ப்பார்கள். எங்கள் வார்டுக் கூட்டத்துக்கு மைக் செட் நம்முடையது. ஆட்டோ அறிவிப்பும் நாம்தான்.

"உன் குரல்லயே பதிவு பண்ணிருப்பா சோணைமுத்து. அதுல ஒரு எடுப்பு இருக்கு" என்றார்.

உண்மைதான். இருக்கிறது.

நவம்பர் 20

பதிவு முடிந்தது. "அன்பார்ந்த பொதுமக்களே! உங்கள் வரிப்பணம், உங்கள் முடிவு! தயங்காமல் வாருங்கள்! மனதில் உள்ளதைப் பேசுங்கள்! உங்கள் குரலைக் கேட்க மாநகராட்சி காத்திருக்கிறது!" கடைசி வரியில் கொஞ்சம் எக்கோ வைத்தேன். கேட்கக் கேட்க எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

நவம்பர் 23

ஆட்டோ மூன்று நாளாகச் சுற்றுகிறது. பூ மார்க்கெட் பக்கமும் போயிருக்கிறது. என் பெண்டாட்டி பஞ்சவர்ணம் அங்கேதான் வாசலில் உட்கார்ந்து பூ விற்கிறாள். விடியுமுன் போனால் மத்தியானம் சாயும்போது வருவாள். வந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராகக் கொல்லைக்கு ஓடுவாள். பூ விற்கப் போன நாளிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் புருஷனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனதில்லை. இன்றும் ஓடினாள். திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆட்டோல பேசுனது நீங்கதான?"

"பின்ன யாரு?"

"தயங்காம வாங்க, மனசுல உள்ளதப் பேசுங்கன்னீங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"நான் பேசப் போறேன். மார்க்கெட்ல பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ் கட்டிக் குடுங்கன்னு கேக்கப் போறேன்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மார்க்கெட்டில் பெண்களுக்கு அந்த வசதி கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஒன்று இருந்தது, அதில் கமிஷன் கடைக்காரர் காலிக்கூடை அடுக்கி வைத்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வரலாம். ஆனால் எழுந்து போனால் உட்கார்ந்த இடம் போய்விடும் என்கிறாள். எல்லாம் சரி. அதற்காக நாலு பேர் மத்தியில் இதையா பேசுவது? எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நவம்பர் 27

பஞ்சவர்ணத்துக்கு உடம்பு சரியில்லை. அடிவயிற்றில் வலி, குளிர். சூடுதான். சூட்டு உடம்பு அவளுக்கு. இளநீர் இரண்டு வெட்டி வாங்கி வந்தேன். ஒன்றில் பாதி குடித்துவிட்டு மூடி வைத்துவிட்டாள்.

"குடிடி. வயித்துக்குக் குளிர்ச்சி."

"காலைல யாவாரம் இருக்கு. முகூர்த்த நாளு. இப்பக் குடிச்சா அங்க போயி யாரு முட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறது?"

வாங்கிக் கொடுத்ததைக் குடிக்கக்கூட இவளுக்கு ஆயிரம் நியாயம். மிச்சத்தை நானே குடித்தேன்.

நவம்பர் 30

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. பஞ்சவர்ணம் மோர் கடையும் மத்தை மைக்காக வைத்துக்கொண்டு பேசிப் பழகினாள். எலுமிச்சம்பழக்காரி ரஹ்மத்தும் வந்திருந்தது. மார்க்கெட்டில் இவளுக்குப் பக்கத்து இடம். இரண்டு பேரும் நான் வருவது தெரியாமல் அடுப்படியில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

மத்தை வாயோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். என் பெண்டாட்டியே இப்படிப் பிடித்தால் ஊர் என்ன சொல்லும்? கடையிலிருந்து நிஜ மைக்கை எடுத்து வந்து கையில் கொடுத்தேன். அவள் உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவில் என் விரல் நாலையும் வைத்துக் காட்டினேன்.

"நாலு விரல் தள்ளிப் பிடி. கீழ பாக்காத. கத்தாத. நீ பேசு, கொண்டுபோய்ச் சேக்கிறது என் வேலை."

பேசினாள்.

"ஐயா, எம்பேரு பஞ்சவர்ணம். பூ மார்க்கெட் வாசல்ல பதினேழு வருசமா பூ விக்கிறேன். விடியுமுன்னாடி வர்றோம், மத்தியானம் வரைக்கும் இருக்கோம். ஆம்பளைக்குச் சுவரு இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு? நாங்க தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டோம்யா."

ரஹ்மத் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நன்றாகத்தான் இருந்தது. 'ஆம்பளைக்குச் சுவரு' மட்டும் வேண்டாம், எடுத்துவிடு என்றேன்.

"அதுதாங்க முக்கியம்" என்றாள்.

டிசம்பர் 2

தவமணி அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். கூட்டத்துக்குப் பெரிய ஆபீசர் வருகிறாராம். மார்க்கெட் முன்னால் ரவுண்டானாவில் வண்ண நீரூற்று ஒன்று அமைக்க யோசனை இருக்கிறதாம். கமிஷன் கடைக்காரர்கள் விரும்புகிறார்களாம். ஊர் மாநகராட்சி ஆகி நாலு வருஷம் ஆகிறது, பார்க்கிற மாதிரி ஒன்றுகூட இல்லையே என்றார். அதுவும் நியாயம்தான்.

"வீட்டம்மா பேசப் போகுதாம்ல?"

"ஏதோ ஆசைப்படுதுண்ணே."

"பேசட்டும், பேசட்டும். நான் எதுக்குக் குறுக்க வாரேன்? நாலு தெருவுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டச் சொல்லிருக்கேன். தெருக்கோடி வரைக்கும் கேக்கணும்ல. நாளைக்கு உன் கடைக்கு வர்றவன் எதப் பத்திப் பேசுவான்னு மட்டும் யோசிச்சுக்க. பொண்ணக் கட்டிக் குடுத்த சம்மந்தி வீடெல்லாம் உனக்கு இருக்கு."

பிறகு, எல்லா வார்டுக் கூட்டத்துக்கும் ஒரே மைக் செட்டாகப் பேசி முடித்துவிடலாம் என்று ஆபீசில் நினைப்பதாகவும் சொன்னார். கிளம்பும்போது முதுகில் தட்டினார்.

டீ நன்றாக இருந்தது.

டிசம்பர் 4

கூட்டம் நல்லபடியாக முடிந்தது.

பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள். மார்க்கெட்டில் வியாபாரம் நடக்கிற நேரம். இருந்தாலும் பூக்காரப் பெண்கள் கூடையை ஆளுக்கு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். சமுதாயக்கூடம் முழுக்க மல்லிகை வாசம். ஆபீசர் முதலில் பட்ஜெட் என்றால் என்ன என்று விளக்கினார். வருவாய்க் கணக்கு, மூலதனக் கணக்கு, மானியம் என்று சுவரில் படம் போட்டுக் காட்டினார். ஒரு மணி நேரம் ஓடியது. பாதிப் பேர் தூங்கினார்கள். கூட்டம் என்றால் தூங்கத்தான் செய்வார்கள், எனக்கு இது புதிதில்லை.

அப்புறம் ஜனங்கள் பேசினார்கள். ஒரு வாத்தியார் நாய்த் தொல்லை பற்றிப் பேசினார், மைக்கைத் தட்டித் தட்டி. ஒருவர் தெருவிளக்குக் கேட்டார். கமிஷன் கடைக்காரர் நீரூற்று வந்தால் ஊருக்கே களை வரும் என்றார். பிறகு பஞ்சவர்ணம் வந்தாள்.

நீலச் சேலை கட்டியிருந்தாள். மைக்கை வாங்கி நாலு விரல் தள்ளிப் பிடித்தாள். அந்தக் கூடத்தில் இன்றைக்கு மைக்கைச் சரியாகப் பிடித்தது அவள் ஒருத்திதான். "ஐயா, எம்பேரு பஞ்சவர்ணம்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் குரலை நான் குழாய் வழியாகக் கேட்டதில்லை. கணீரென்று இருந்தது. வெளியே டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

"ஆம்பளைக்குச் சுவரு இருக்கு" என்றதும் முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். வெளியே டீக்கடையிலும் சிரிப்புக் கேட்டது. தவமணி அண்ணன் திரும்பி ஆம்ப்ளிஃபயர் மேஜையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மைக் போய்விட்டது.

வயர் லூசாக இருந்திருக்கும். ஜாக்கில் தூசி அடைந்திருக்கும். எவன் செட்டிலும் நடக்கிறதுதான். நான் உடனே மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இந்த மாதிரிக் கோளாறைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். அவள் சத்தம் போனது தெரியாமல் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு மைக்கைப் பார்த்தாளாம். அப்புறம் என் பக்கம் பார்த்தாளாம். ரஹ்மத் சொன்னது. நான்தான் மேஜைக்கு அடியில் இருந்தேனே.

"ஒண்ணும் கேக்கலயேம்மா" என்றார் ஆபீசர்.

தவமணி அண்ணன் எழுந்து போய் அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "மார்க்கெட்டுக்கு ஒரு வேலை செஞ்சு குடுக்கணும்னு அந்தம்மா சொல்லுது. விளங்கிருச்சு, நீங்க உக்காருங்கம்மா" என்றார். அதற்குள் கோளாறு சரியாகியிருந்தது. "சரி, மார்க்கெட் வேலைக்கு ஆதரவா உள்ளவுங்க எல்லாரும் கையத் தூக்குங்க!"

பூக்காரப் பெண்கள் எல்லோரும் தூக்கினார்கள். பஞ்சவர்ணமும் தூக்கினாள். கமிஷன் கடை ஆட்களும் தூக்கினார்கள். போட்டோ எடுத்தார்கள். 'பூ மார்க்கெட் முகப்பில் வண்ண நீரூற்று, ஏகமனதாக' என்று எழுதிக்கொண்டார்கள்.

சாயங்காலம் பஞ்சவர்ணம் சோறு வைத்துக்கொண்டே கேட்டாள்.

"கரண்டு போகல. அவரு வாங்குனதும் வந்துருச்சு. என் கையில மட்டும் எப்பிடிங்க போச்சு?"

"வயர் லூசு. உனக்கென்ன தெரியும் அதப் பத்தி?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுதான்" என்றாள். குழம்பை ஊற்றினாள். உப்புக் கூடுதல்.

டிசம்பர் 6

எல்லா வார்டு ஆர்டரும் நமக்கே. செட்டுக்குப் புது ஆடியோ மிக்சர் ஒன்று எடுக்க வேண்டும்.

டிசம்பர் 22

மார்கழி பிறந்து கோயில் வேலை வேறு. வார்டுக் கூட்டங்கள் ஒரு பக்கம். சாப்பிட நேரமில்லை. எந்த வார்டுக்குப் போனாலும் ஒரே மாதிரிதான். படம் காட்டுகிறார்கள், ஜனம் பேசுகிறது, கை தூக்குகிறது, போட்டோ எடுக்கிறார்கள். நேற்று ஒரு வார்டில் ஒரு பெரியவர் குடிதண்ணீர் குழாயில் சாக்கடை கலக்கிறது என்று நீட்டி முழக்கிக்கொண்டே போனார். பாட்டில் தண்ணீரோடு வந்திருந்தார். மைக் கொஞ்சம் மக்கர் செய்தது. அவரும் உட்கார்ந்துவிட்டார்.

'சோணைமுத்து செட்டு வைத்தால் கூட்டம் நேரத்துக்கு முடியும்' என்று ஆபீசில் எனக்கு ஒரு பெயர் வந்திருக்கிறது. தொழிலில் பெயர்தான் முக்கியம்.

பஞ்சவர்ணம் சரியாகப் பேசுவதில்லை. கோபம். தானாக இறங்கும்.

ஜனவரி 9

புது டைரி. போன வருஷம் போலவே பேட்டரிக் கடையில் ஓசியாகக் கொடுத்தது. பொங்கல் ஆர்டர் மூன்று.

கோபம் இன்னும் இறங்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. முன்பெல்லாம் மார்க்கெட்டில் மல்லி என்ன விலை, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் காதில் வாங்க மாட்டேன். இப்போது நானாகக் கேட்டால் "எப்பவும்போலதான்" என்கிறாள்.

சூடு திரும்ப வந்திருக்கிறது. மாத்திரை வாங்கிப் போடுகிறாள். எனக்குச் சொல்லவில்லை, அலமாரியில் பார்த்தேன்.

மார்ச் 3

பட்ஜெட் வந்துவிட்டது. பேப்பரில் அரைப் பக்கம். 'மக்களே தீட்டிய பட்ஜெட்' என்று தலைப்பு. அதில் எங்கள் வார்டு போட்டோ. பஞ்சவர்ணம் முன்னால் கை தூக்கி நிற்கிறாள், பின்னால் பூக்காரப் பெண்கள். 'நீரூற்று வேண்டி உற்சாகத்துடன் கையுயர்த்திய மகளிர்.'

ரஹ்மத் பேப்பரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டது.

"பாத்தீங்களாண்ணே? நம்ம கையை வச்சே நம்ம கண்ணைக் குத்திட்டாங்க."

"எழுத்துல ஒரு மனு குடுங்க" என்றேன்.

"மூணு குடுத்தாச்சு. கூட்டத்துல நீங்க யாரும் இதப் பேசலயேங்கிறாங்க. பேசுனவளுக்குத்தான் சத்தம் வரலயே!"

பஞ்சவர்ணம் அடுப்படியிலிருந்து, "விடு ரஹ்மத்து. வயர் லூசு" என்றாள். ரஹ்மத் என்னைப் பார்த்தது. இந்தப் பொம்பளைகளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். முப்பது வருஷம் தொழில் செய்கிறவனுக்கு ஒரு நாள் கோளாறு வரக்கூடாதா?

ஏப்ரல் 17

மார்க்கெட் முன்னால் குழி தோண்டிவிட்டார்கள். பூக்காரப் பெண்களை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே நிழல் இல்லை. அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். ஈரச்சாக்கைப் பூவின் மேல் போட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. பூவுக்குத் தெளிக்கிற தண்ணீர். உதடு வெடித்திருந்தது. பைக்கை நிறுத்தலாமா என்று நினைத்தேன். ஆம்ப்ளிஃபயர் ஏற்றியிருந்ததால் நிறுத்தவில்லை.

மே 9

இன்று ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மேடை வேலை. பாட்டுக் கச்சேரி. அந்தச் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தால் ரஹ்மத் ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தது. பஞ்சவர்ணம் மார்க்கெட்டில் மயங்கி விழுந்துவிட்டாள். குளிர் ஜுரம் தூக்கிப் போட்டிருக்கிறது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

நான் போனபோது குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் சின்னப் பெண். எங்கள் மகள் மீனாவை விட இளையவள். அந்த டாக்டரம்மா பேசியதைக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"ஏம்மா, இத்தன தடவ இன்ஃபெக்‌ஷன் வந்திருக்கு, யார்ட்டயும் காட்டலயா? தண்ணியே குடிக்க மாட்டீங்களா? அடக்கி அடக்கி வச்சா என்ன ஆகும்? இடது பக்கக் கிட்னி சுருங்கிப்போச்சு. இருக்கிற இன்னொண்ண வச்சுத்தான் இனிமே காலத்த ஓட்டணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க வீட்டுக்காரரா? உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"சூடுன்னு நெனச்சோம்" என்றேன்.

"யாரு நெனச்சா?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம், கண்ணைத் திறக்காமல்.

மே 16

வீட்டுக்கு வந்தாயிற்று. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். அடக்கவே கூடாது. அப்படியானால் மார்க்கெட்டுக்குப் போக முடியாது. அவள் இடத்தில் யாரோ செவ்வந்திக்காரி உட்கார்ந்துவிட்டதாக ரஹ்மத் சொன்னது. பதினேழு வருஷத்து இடம். பஞ்சவர்ணம் அழுவாள் என்று நினைத்தேன். சொம்பை எடுத்துத் தண்ணீரைக் குடித்தாள். முழுச் சொம்பையும் நிறுத்தாமல் குடித்தாள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. எழுந்து கடைக்குப் போய்விட்டேன்.

தவமணி அண்ணனிடம் பேச்சுவாக்கில் அந்த வசதி பற்றிக் கேட்டேன். "அடுத்த வருச மக்கள் பட்ஜெட்ல வச்சுக்கலாம்பா. ஜனங்க கேட்டா செய்யாமலா போவோம்?" என்றார்.

ஜூலை 4

பூக்கட்டும் வேலையை வீட்டிலேயே செய்கிறாள். ரஹ்மத் உதிரிப்பூ கொண்டுவந்து போட்டுவிட்டுக் கட்டியதை எடுத்துப் போகிறது. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். என் வீட்டில் நான் ஏதோ வாடகைக்குக் குடிவந்தவன் போல இருக்கிறது.

ஆகஸ்ட் 29

நீரூற்றுத் திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. மைக் செட் நாம். ரவுண்டானா முழுக்க ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். 'கேட்டது மக்கள்! செய்தது மாநகராட்சி!' அதிலும் அதே போட்டோ. பஞ்சவர்ணத்தின் தூக்கிய கை ஆள் உயரத்துக்கு இருக்கிறது. வளையல் எண்ணலாம்.

தவமணி அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். போட்டோவில் இருக்கிற அம்மா, பொதுமக்கள் சார்பில் மேடையில் இரண்டு வார்த்தை நன்றி சொல்ல வேண்டுமாம். மேயர், பெரிய ஆபீசர், பேப்பர்காரர்கள் எல்லாம் வருகிறார்களாம்.

"அதுக்கு உடம்பு முடியலண்ணே. நிக்க முடியாது" என்றேன்.

"வாரேன்" என்றாள் பஞ்சவர்ணம்.

அவர் போன பிறகு, போகாதே என்றேன். எதற்கு என்று கேட்டாள். உடம்புக்கு ஆகாது என்றேன்.

"உடம்ப நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

செப்டம்பர் 1

எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும். ஊரே பேசுகிறது, நான் எழுதாவிட்டால் மட்டும் இல்லையென்று ஆகிவிடுமா?

விழா ஆறு மணிக்குத் தொடங்கியது. மேயர் பட்டனை அழுத்தினார். தண்ணீர் சிவப்பிலும் பச்சையிலும் ஆளுயரத்துக்கு எழும்பியது. ஜனம் கை தட்டியது. எதிர்ப்பக்கம் பூக்காரப் பெண்கள் கூடை முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றடிக்கும்போது சாரல் அவர்கள் மேல் தெறித்தது.

எல்லோரும் பேசி முடித்தபின் தவமணி அண்ணன், "இந்தத் திட்டத்தக் கேட்டு வாங்குன பொதுமக்கள் சார்பா சகோதரி பஞ்சவர்ணம்" என்றார். நீலச் சேலை. ரஹ்மத் கையைப் பிடித்து மேடைப்படி ஏற்றிவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பிப் போனது. என் கை மிக்சர் மேல் இருந்தது. புது மிக்சர், டிசம்பரில் எடுத்தது. பஞ்சவர்ணத்தின் மைக்குக்கு வலது ஓரத்துப் பட்டன்.

தவமணி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பட்டனைப் பார்த்தேன்.

அவள் மைக்கை வாங்கி, நாலு விரல் தள்ளிப் பிடித்தாள். கீழே பார்க்கவில்லை. கத்தவில்லை. மேயரைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. நேராக என் மேஜையைப் பார்த்தாள்.

"சத்தம் வருதா?"

எல்லாக் குழாயிலும் கேட்டது. ரவுண்டானாவைச் சுற்றி நின்றவர்கள், "வருது, வருது" என்று கத்தினார்கள். அவள் அவர்களைக் கேட்கவில்லை. நான் வாய் திறக்கும்வரை அப்படியே நின்றாள். மேயர் நாற்காலியில் நெளிந்தார். நான் தலையாட்டினேன். அவளுக்கு அது போதவில்லை.

"வருதாங்க?"

"வருது" என்றேன்.

"அன்னிக்கு வரல" என்றாள்.

மைக்கைத் தவமணி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். நன்றி சொல்லவில்லை. வேறு எதுவுமே சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் ரஹ்மத்தும் மற்றவர்களும் எழுந்து நின்றார்கள். அவர்களுக்குள்ளே போய் உட்கார்ந்தாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் நிதானமாகக் குடித்தாள்.

தவமணி அண்ணன் மைக்கில், "அம்மாவுக்கு உணர்ச்சி மிகுதியில பேச்சு வரல" என்றார். யாரோ சிரித்தார்கள். கடைசிவரை மைக் ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை.

செப்டம்பர் 5

மீனா திருப்பூரிலிருந்து போன் செய்தாள். அம்மாவிடம்தான் பேசினாள். என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை போலிருக்கிறது.

தெருவில் பொடிப்பயல்கள் என் பைக்கைப் பார்த்ததும் "சத்தம் வருதா?" என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள். அடுத்த வாரம் ஒரு பூப்பு நீராட்டு விழா ஆர்டர் இருந்தது. அவர்கள் வந்து அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். "தப்பா நெனக்காதீங்கண்ணே, தாய்மாமன் பேசுறப்ப போயிறக் கூடாதுல்ல" என்றார்கள். தவமணி அண்ணனும் இந்தப் பக்கம் வரக் காணோம். அவருக்கென்ன, ஊரில் வேறு மைக் செட்டா இல்லை?

செப்டம்பர் 8

வேலை இல்லை. அந்தப் பழைய மைக்கை எடுத்துப் பிரித்தேன். டிசம்பர் கூட்டத்தில் வைத்தது. வாசலில் சாக்கை விரித்து, ஜாக், வயர், ஸ்விட்ச், எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தேன். பஞ்சவர்ணம் நடையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் செய்வதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தேன். என்ன கோளாறு என்று அவள் கேட்பாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

மைக்கில் கோளாறு எதுவும் இல்லை.